மூன்று ஃப்ரேம் முன்னால்

“தொண்ணூத்தொண்ணு மேடம்! நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு! எந்த ஊர்ல இது ஃபெயிலு?”

“கத்தாத. தொண்ணூத்தஞ்சுன்னா தொண்ணூத்தஞ்சுதான். உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் வெக்க முடியாது.”

“இவன் மூணாவது ஆளு. மூணு பேருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. இன்னும் எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்தா என்ன விடுவீங்க?”

“நானா உன்னப் புடிச்சு வெச்சிருக்கேன்? ஒழுங்கா சொல்லிக் குடுத்திருந்தா நீ எப்பவோ போயிருக்கலாம்.”

“மேடம், நான் வேணா கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?” இது அந்த மூன்றாவது ஆள்.

“நில்லு இங்கயே!” என்றன இரண்டு குரல்களும் சேர்ந்து. அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சண்டை நடந்தது அடுத்த அறையில். நான் இந்தப் பக்கம் தண்ணீர்க் குடுவையோடு நின்றிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரே கூடத்தைப் பலகையால் தடுத்து இரண்டு ஆய்வகமாக்கியது பல்கலைக்கழகம். அந்தப் பலகை கூரையைத் தொடாமல் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? இந்தப் பக்கம் செடி ஆராய்ச்சி. பத்தொன்பது வருடமாக இங்கே நான் டெக்னீஷியன். செடிகள் பேசாது. அதனால் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டாலும் எனக்குக் கேட்டுவிடும்.

அந்தப் பக்கம் பல்லிகள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டியில் நாற்பது பல்லிகள். ஒவ்வொன்றையும் எடுத்து, நடுவில் ஒரு வளைவு வைத்த மரத்தடத்தில் ஓடவிடுவார்கள். நொடிக்கு ஐந்நூறு படம் எடுக்கும் கேமரா மேலே தொங்கும். அந்த ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ரேம் என்று பெயர். பல்லி ஓடி முடிக்க ஒரு நொடிகூட ஆகாது. ஓடியதைப் பார்த்துக் குறிக்க ஒரு மனுஷிக்கு அரை நாள் ஆகும். கால் எந்த ஃப்ரேமில் தரையில் படுகிறதோ அங்கே கணினியின் விசையைத் தட்ட வேண்டும். நாலு கால், ஒவ்வொரு அடிக்கும். கணினியே கண்டுபிடிக்காதா என்று நானும் ஒருநாள் கேட்டேன். விரலும் மரமும் ஒரே நிறமாம். கணினி நிழலைக் காலென்று நினைத்துக்கொள்கிறதாம்.

ஆகவே மனிதக் கண். அந்தக் கண்ணுக்கு ஒரு பரீட்சை உண்டு. அதற்குப் பெயர் பொருத்தம். பழைய ஓட்டங்களில் நூறு அடிகளை எடுத்துப் புதிதாக வந்தவர் குறிக்க வேண்டும். மூத்தவர் குறித்ததோடு ஒப்பிடுவார்கள். குறைந்தது தொண்ணூற்றைந்து ஒத்துப்போக வேண்டும். ஆய்வகத்தைவிட்டுப் போகிறவர், தன்னோடு பொருந்துகிற ஒருவரைத் தயார் செய்து உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். “அளவுகோல் பாதியில மாறக் கூடாது” என்பார் மேடம். கல்யாணப் பொருத்தத்தில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

மேடத்தைக் கொடுமைக்காரி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாணவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார். நாற்பது பல்லியையும் முகம் பார்த்தே எண் சொல்வார். இருபத்திரண்டு வருடமாகக் கணவர் ஓர் ஊரில், இவர் இந்த ஊரில். வாசலில் ‘சிறந்த வழிகாட்டி’ விருது மாட்டியிருக்கும். அதன் கீழே நின்று அழுத மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், தண்ணீர் பிடிக்கிற சாக்கில்.

நடைவழியில் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு சட்டம் போட்டுத் தொங்கும்: ‘கால் முதலில், உடல் பிறகு.’ வளைவில் திரும்பும்போது பல்லியின் உடம்பு திரும்பத் தொடங்குவதற்கு மூன்று ஃப்ரேம் முன்பே அதன் கால் தரையில் ஊன்றிவிடுகிறதாம். பல்லி யோசித்துத்தான் திரும்புகிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வரும்.

கத்தியவளை நாங்கள் பெரியவள் என்போம். வயது இருபத்தெட்டு. ஆறாவது வருடம். ஆய்வேடு தட்டச்சாகி மூன்று பிரதியாக இழுப்பறையில் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் மேடத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வேலையும் கிடைத்திருந்தது. வேறோர் ஊரில், விபத்தில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற நிறுவனம். நடையை அளந்து பார்க்கிற வேலை. அவர்கள் இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரவில்லையென்றால் வேறு ஆள். அன்றைக்கு எட்டாம் தேதி.

அந்த மூன்றாவது ஆளுக்கு அன்றிலிருந்து என் வாயில் ‘தொண்ணூத்தொண்ணு’ என்றுதான் பெயர். நல்ல பையன். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பான்.

அடுத்த திங்களே மேடம் நாலாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்தொரு வயது. தோளில் பை, கையில் டிபன் டப்பா, வாயில் பேச்சே கிடையாது. அவளைப் புதுசு என்றோம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரே சத்தம்தான். விசை தட்டுகிற டக். பெரியவளின் குரல்.

“இல்ல. கொஞ்சம் முன்னாடி. பின்னாடி போ. இன்னும் ஒண்ணு. ஆங், அங்க தட்டு.”

“இங்கயா அக்கா?”

“அங்கதான். வளைவுல கொஞ்சம் உஷாரா இருக்கணும். நேரா ஓடறப்ப எல்லாருமே சரியாத்தான் குறிக்கறாங்க. வளைவுலதான் கோட்ட விடறீங்க.”

இடையிடையே அவளுக்குத் தொலைபேசி வரும். பேசுவதற்கு எங்கள் வாசலில் இருக்கும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம்தான் வருவாள். அம்மா. அந்தம்மாவின் குரல் தொலைபேசியை மீறிக்கொண்டு வரும்.

“பல்லி ஓடறதப் பாக்க ஆறு வருஷமாடி? நம்ம வீட்டுச் சுவத்துல தினமும் ஓடுது, நான் ஓசியிலயே பாக்கறேன்!”

“அம்மா, இந்தத் தடவ வந்துடுவேன்.”

“போன வருஷமும் இதத்தான் சொன்ன. அந்த வேலை ஊர்ல வாடகைக்கு வீடு பாக்கட்டுமா வேணாமா? ஒரு வார்த்த சொல்லு.”

“பாரும்மா.”

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு போவாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்த இரண்டு வாரம் எங்கள் செடிகளுக்கு வேர் அழுகல் வந்ததற்கு நான் பொறுப்பில்லை.

இருபத்து மூன்றாம் தேதி பொருத்தம் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு.

தொண்ணூத்தொண்ணு விசில் அடித்தான். யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள். பலகைக்கு மேலாக எனக்கும் இரண்டு நீட்டப்பட்டன. மேடம் பேனாவைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. “உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு இனிமே கெடைக்க மாட்டா” என்று சொல்லிக்கொண்டே மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் விடுதலை.

சனிக்கிழமை காலை பெரியவள் தன் மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். புதுசு பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தாள். நான் சனிக்கிழமை வருவதில்லை, அன்று வந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

“ஏய், இரு. அத மறுபடி ஓட்டு,” என்றாள் பெரியவள். “இங்க எதுக்குத் தட்டின? காலு இன்னும் அந்தரத்துல இருக்கே.”

“நீங்க அங்கதான அக்கா தட்டுவீங்க.”

“நான் எங்க தட்டுவேன்னு கேக்கல. உனக்கு எங்க படற மாதிரி தெரியுது?”

டக், டக் என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிற சத்தம்.

“மூணு ஃப்ரேம் கழிச்சு.”

“எல்லா வளைவுலயுமா?”

“எல்லாத்துலயும்தான். முதல் தடவ எனக்குப் பட்டது மாதிரியே குறிச்சேன். அறுபத்தேழு வந்துச்சு. மூணாவதா வந்த அண்ணனுக்கும் முதல் தடவ அறுபத்தாறுதானாம். எங்க ரெண்டு பேரோட முதல் தடவைய சும்மா வெச்சுப் பாத்தோம். தொண்ணூத்தேழு பொருந்துது. அப்பறம்தான் புரிஞ்சுது, வளைவு வந்தா மூணு முன்னாடியே தட்டணும்னு. அண்ணன் அப்பப்ப மறந்துடறாரு, அதான் தொண்ணூத்தொண்ணு. நான் மறக்கல.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஊருக்குப் போகணும்ல அக்கா.”

நாற்காலி நகர்ந்தது. இழுப்பறைகள் திறந்து மூடின. அவள் தன்னுடைய முதல் வருட நோட்டைத் தேடியிருக்கிறாள். எனக்கெப்படித் தெரியும் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் பக்கம் வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று விரித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். நீல மையில் அவள் கையெழுத்து. ‘முதல் முயற்சி: 64. வளைவில் கால் காற்றில்தானே இருக்கிறது?’ அதற்குக் கீழே இரண்டு நாள் கழித்து எழுதியது: ‘மேடம் மூன்று முன்னால் குறிக்கிறார். அப்படியே பழகிக்கொள்.’

“ஆன்ட்டி, இத நான் எழுதினதே எனக்கு ஞாபகமில்ல,” என்றாள். ஆன்ட்டி என்றதை அன்றைக்கு நான் கண்டுகொள்ளவில்லை.

அதாவது அவள் கண் கெட்டுப்போனது அவளாலில்லை. மேடத்தோடு பொருந்துவதற்காகக் கெடுத்துக்கொண்டாள். பிறகு அவள்தான் அளவுகோல். அவளோடு பொருந்துவதற்காக அடுத்தவர்கள் கெடுத்துக்கொள்ள வேண்டும். கண் நன்றாக இருந்தவர்கள் எல்லாம் ஃபெயில். இதில் விளைந்த மூன்று ஃப்ரேம்தான் சட்டம் போட்டு நடைவழியில் தொங்குகிறது. அந்தத் தப்பை நீக்கிவிட்டால் காலும் உடம்பும் ஒரே நேரம். பல்லி யோசிக்கவுமில்லை, ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அவள் ஆய்வேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. மேடத்தின் முன்னால் போய் நோட்டை வைத்தாள்.

நான் பலகையோரம் இருந்த செடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. அந்தப் பக்கம் நோட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு டக், டக் என்று விசை. மேடம் தானே ஓட்டிப் பார்க்கிறார்.

“எனக்கும் முதல் தடவ அறுபத்தஞ்சுதான்,” என்றார் மேடம். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “என்னோட மேடம் அப்ப சொன்னாங்க, கண்ணு பழகணும், பழகினா தெரியும்னு. பழகிடுச்சு.”

“இப்ப என்ன மேடம் பண்றது?”

“நீ என்ன பண்ணணும்? நீ கெளம்பு. கையெழுத்து போட்டாச்சு. ஒண்ணாந்தேதி வேலைல சேரு.”

“புதுசு?”

“அவ பொருந்திட்டாளே.”

“அதான் மேடம் எனக்கு பயமா இருக்கு.”

“பேசாத. நீ போ, நான் பாத்துக்கறேன்.”

“நான் ஒரு பக்கம் சேத்துடறேன் மேடம். வளைவுல மூணு ஃப்ரேம் தப்பு, அதனால முடிவு நிக்காதுன்னு ஒரே ஒரு பக்கம். அத வெச்சே குடுத்துடறேன்.”

“அந்தப் பக்கம் உள்ள இருந்தா என் கையெழுத்து அதுல இருக்காது.” கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. “பதினேழு வருஷம்டி. நாலு பேரு பட்டம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. அவங்க எல்லாரையும் கூப்ட்டு என்ன சொல்லச் சொல்ற?”

அன்று மாலை குழாயடியில் அம்மா.

“ஒரு பக்கம்தான? எழுதாத. எழுதியிருந்தாக் கிழிச்சுப் போட்டுட்டு வா. ஊர் உலகத்துல பல்லி எப்பக் கால வெச்சா யாருக்குடி என்ன?”

“போன வெச்சுடறேம்மா.”

“அட்வான்ஸ் குடுத்துட்டேன்டி, வீட்டுக்கு!”

தொலைபேசி அணைந்த பிறகு நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அம்மா சொல்றதுதான் சரி. போயிடும்மா. பல்லி வந்து உன்மேல கேசு போடப் போகுதா?” என்றேன்.

“பல்லி போடாது ஆன்ட்டி.” குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். “அங்க போய் நான் என்ன பண்ணப் போறேன்? ஒருத்தர் கால் எப்பத் தரையில படுதுன்னு பாத்துச் சொல்லணும். நான் சொல்றத வெச்சுத்தான் அவருக்குக் கால் செய்வாங்க. நேத்து முழுக்க உக்காந்து சரியாக் குறிக்கப் பாத்தேன். காத்துல இருக்குன்னு தெரியுது. தெரிஞ்சும் விரல் தட்டிடுது. நேத்து என்னைப் புதுசோட பொருத்திப் பாத்தேன், அவளோட முதல் தடவையோட. எவ்வளவு வந்துச்சு தெரியுமா?”

“எவ்வளவு?”

“அறுபத்தாறு.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, வேலை இருக்கிறது, வீட்டுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவள் எந்த ஊருக்குப் போனாலும் அந்த மூன்று ஃப்ரேம் விரலிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

முப்பதாம் தேதி அந்த நிறுவனத்துக்கு அவளே கூப்பிட்டாள். உள்ளதைச் சொன்னாள். கண் தப்பாகப் பழகிவிட்டது, சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்று. இப்படி ஒரு காரணம் சொல்லி அவர்களிடம் யாரும் தவணை கேட்டதில்லையாம். மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகவே வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். முதல் தேதியன்று அவள் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைச் சேர்த்தாள். மேடம் தன் கையெழுத்திருந்த தாளை மூன்று பிரதியிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

வழிகாட்டி இல்லாமல் ஆய்வேடு செல்லாது. இங்கேதான் எங்கள் சார் வருகிறார். எங்கள் சார் என்றால் செடி ஆராய்ச்சிப் பேராசிரியர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவர், மதியம் சாப்பிட்டபின் எதைக் கேட்டாலும் “ஆகட்டும்” என்பவர். நான் ஒன்றும் செய்யவில்லை. மதியம் சாப்பிட்டபின் அவளை உள்ளே அனுப்பினேன், அவ்வளவுதான்.

“பல்லியா?” என்றார் சார்.

“ஆமா சார்.”

“நமக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா.”

“தெரியாததுதான் சார் நல்லது.”

“ஆகட்டும்.”

இப்படியாக அவள் பலகையின் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். விதை முளைக்க வைக்கிற பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசை. எழுந்தால் முழங்கை இடிக்கும். ஆறு வருட ஓட்டங்களில் வளைவு அடிகள் மட்டும் பதினோராயிரம். அத்தனையும் மறுபடி. அதற்கு முன்னால் விரலைத் திருத்த வேண்டும். காலையில் புதுசு வந்து பக்கத்தில் உட்காருவாள்.

“இல்லக்கா. கொஞ்சம் பின்னாடி. இன்னும் ஒண்ணு. ஆங், இப்பத் தட்டுங்க.”

“இங்கயா?”

“அங்கதான்.”

எழுபத்தொன்று. எழுபத்தெட்டு. ஒருநாள் திடீரென்று அறுபத்தொன்பது, அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தொண்ணூற்றைந்தைத் தொட நாலு மாதம் ஆனது. அதற்கப்புறம் பத்து மாதம் பதினோராயிரம் அடிகள். அந்தப் பதினாலு மாதமும் அவள் அம்மா அந்த நிறுவனம் இருந்த ஊரில் அந்த வாடகை வீட்டில் தனியாகக் குடியிருந்தார், முன்பணத்தை விட மனசில்லாமல்.

மேடம் என்ன ஆனார் என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்று வாரம் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நடைவழியில் அவளைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். நாலாவது வாரம் பலகைக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று சத்தம். புதுசும் தொண்ணூத்தொண்ணும் வகுப்புக்குப் போயிருந்த நேரம். ஸ்டூல் மேல் ஏறி மேலே இருந்த சட்டியை எடுக்கப் போனேன். மேடம் தனியாக உட்கார்ந்து பழைய ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருடத்துக்கு முந்தைய ஓட்டம், அவரே குறித்தது. தட்டுவார், நிறுத்துவார், பின்னால் போவார், மறுபடி அதே இடத்தில் தட்டுவார். முகத்தைக் கையால் மூடிக்கொள்வார்.

அதிலிருந்து தினமும் இரண்டு பக்கமும் டக் டக். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நடுவில் பலகை. ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்துவார். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு வருடம் இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி வேலை பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் காலை வந்து பார்த்தால் நடைவழியில் சட்டம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு மேடம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவளருகே போய், “உன்னுது எவ்வளவு வந்துச்சு கடைசியா?” என்று கேட்டார்.

“தொண்ணூத்தாறு மேடம்.”

“எனக்கு எண்பத்து மூணுக்கு மேல ஏற மாட்டேங்குது,” என்றுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்ததுதான். பெரியவளுக்கு அந்த நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லை. அதைவிடச் சின்னதாக வேறோர் இடத்தில் கிடைத்தது; அம்மாவின் வாடகை வீட்டிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். தினமும் போய்வருகிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் பொருத்தம் என்ற வார்த்தையே தனக்கு ஆகாது என்கிறாளாம். தொண்ணூத்தொண்ணுக்கும் புதுசுக்கும் தொண்ணூற்றேழு பொருந்துகிறதே, கல்யாணச் சாப்பாடு போடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். புதுசு கடல் தாண்டி எங்கேயோ தவளை ஆராய்ச்சிக்குப் போய்விட்டாள். எங்கள் சார் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு இருக்கிறார். மேடம் போன மாதம் பல்லிகளை எல்லாம் வேறு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு கணவர் ஊருக்குப் போனார். அவருடைய இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.